உயிர் வாழ்தலும் உயிர் காத்தலும்

நம் இல்லங்களில் வளரும் பிள்ளைகள் மேல்நிலைப் பள்ளியையும் கல்லூரியையும் எட்டியதும் ஒரு வினாவை எழுப்புவது வழக்கமாகிவிட்டது. “புலி மானைக் கொன்று தின்கிறது, பூனை எலியைப் பிடிக்கிறது. இயற்கையே இவ்வாறு அமைந்திருக்கும்போது மனிதன் மட்டும் கொல்லாமை என்றும் புலால் மறுத்தல் என்றும் விரதம் பூணுவது இயற்கைக்கு மாறானது அல்லவா?” என்பதே அவ்வினா. வெளியூர் விடுதிகளில் தங்கிப் பயிலும் நம் பிள்ளைகளைப் பார்த்து உடன் பயில்வோர் கேட்பதும் இதுவே. “இது நம் குல வழக்கம், எதிர்த்துப் பேசாதே” என்று பெரியோர் வாயடைத்துவிட்டால் ஐயம் தீராது, அடங்கிக் கிடந்து, பின்னொரு நாள் ஒழுக்கத்தையே அரித்துவிடும். ஆகவே, வினாவை வினாவாகவே ஏற்று விடை காண முயல்வோம். இயற்கையைச் சான்றுக்கு அழைக்கிறார்கள் அல்லவா? நாமும் இயற்கையிடமே செல்வோம். அதிலும் நமக்கு மிக நெருங்கிய உறவுடைய பாலூட்டிகளிடம் செல்வோம்.

உறவு என்று கூறியது அணிக்காக அன்று. தத்வார்த்த சூத்திரம் கருவிற் பிறப்பவற்றை ஜராயுஜம், அண்டஜம், போதம் என மூன்றாக வகுக்கிறது. கருவை மூடிய உறையோடு பிறக்கும் ஜராயுஜ உயிர்களுள் மனிதனும் பசுவும் ஒருங்கே அடங்குவர். அறிவியலும் மனிதனைப் பாலூட்டிகளின் வகுப்பிலேயே வைக்கிறது. இன்று 6,000க்கும் மேற்பட்ட பாலூட்டி இனங்கள் கணக்கிடப்பட்டுள்ளன. அவற்றுள் நாம் ஓரினம். நம் தீர்த்தங்கரர்களின் லாஞ்சனங்களை எண்ணிப் பாருங்கள். ஆதிநாதருக்குக் காளை, அஜிதநாதருக்கு யானை, சம்பவநாதருக்குக் குதிரை, அபிநந்தனருக்குக் குரங்கு, வாசுபூஜ்யருக்கு எருமை, விமலநாதருக்குப் பன்றி, சாந்திநாதருக்கு மான், வர்த்தமான மகாவீரருக்குச் சிங்கம். நாள்தோறும் ஜினாலயத்தில் நாம் வணங்கும் பீடங்களில் எத்தனை பாலூட்டிகள் இடம்பெற்றுள்ளன!

உடல் வகுத்த வழி

ஒவ்வோர் உயிரும் தான் வாழும் இடத்திற்கு ஏற்ப உடலமைப்பும் பழக்கமும் பெற்றிருப்பதைத் தகவமைப்பு என்கிறோம். பாலைவனத்து ஒட்டகத்தை எடுத்துக்கொள்வோம். அதன் திமிலில் இருப்பது நீர் என்று பலரும் எண்ணுகின்றனர். அங்கே இருப்பது கொழுப்பு. நீரைச் சேமிக்க ஒட்டகம் கையாளும் வழி வேறு. நீர் கிடைக்காத கோடை நாளில் அதன் உடல் வெப்பம் காலையில் 34 பாகை அளவிலிருந்து மாலைக்குள் 40 பாகைக்கு மேல் உயர அது இடங்கொடுக்கிறது. நமக்கு அத்தகைய ஏற்றம் கடுங்காய்ச்சல்; அதற்கோ வியர்வையாக நீரை இழக்காமல் பகலைக் கடத்தும் உபாயம். பகலில் ஏறிய வெப்பம் இரவின் குளிரில் வெளியேறிவிடும். உடல் எடையில் கால் பங்கு அளவுக்கு நீரை இழந்தும் அது நடமாடும். நீர்நிலையை அடைந்ததும் ஏறத்தாழ 100 லிட்டர் நீரைச் சில நிமிடங்களில் பருகிவிடும்.

பாலூட்டிகளின் பெயருக்குக் காரணமான பாலும் ஒரு தகவமைப்பே. வடதுருவக் கடற்பகுதியில் பனிப்பாளத்தின் மேல் குட்டி ஈனும் ஒருவகைக் கடல்நாய் நான்கே நாள்கள்தாம் பாலூட்டும். பனி உடையுமுன் குட்டி கொழுத்துவிட வேண்டும் என்பதால் அப்பாலில் பாதிக்கு மேல் கொழுப்பாகவே அமைந்துள்ளது. மெல்ல வளரும் மனிதக் குழவிக்கோ புரதமும் கொழுப்பும் குறைந்து இனிப்பு மிகுந்த பால். ஒவ்வொரு தாயின் பாலும் அதன் கன்றுக்கென்றே அளந்து கலக்கப்பட்டது போன்றது.

இவ்வாறே சிங்கமும் புலியும் பூனையும் ஊனுக்கென்றே அமைந்த உடலை உடையவை. அவற்றின் கடைவாய்ப் பற்கள் அரைப்பதற்கன்றி அறுப்பதற்கே உரியவை. குடல் குறுகியது. டாரின் என்னும் சத்தை வேண்டிய அளவு தம் உடலில் ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் பூனைக்கு இல்லை. அஃது ஊனிலிருந்தே கிடைத்தாக வேண்டும். கிடைக்காவிடில் கண்ணொளி மங்கும்; இதயம் தளரும். பசுவின் அமைப்பு இதற்கு நேர்மாறு. நான்கு அறைகள் கொண்ட இரைப்பையில் வாழும் எண்ணற்ற நுண்ணுயிர்களின் துணையால் அது புல்லையும் வைக்கோலையும் உணவாக்கிக்கொள்கிறது.

இதிலிருந்து தெளிவாவது என்ன? புலியின் கொடுமை புலி தேர்ந்துகொண்டது அன்று. பசுவின் சாந்தமும் பசு பூண்ட விரதம் அன்று. இரண்டும் உடல் வகுத்த வழியில் செல்கின்றன. எனவே, புலியைப் பழிப்பதற்கும் இடமில்லை. புலியைக் காட்டித் தன் செயலுக்கு நியாயம் தேடுவதற்கும் மனிதனுக்கு இடமில்லை.

வல்லமையே வாழுமா?

“வலியது வாழும் என்பதே இயற்கையின் சட்டம்; டார்வினே கூறிவிட்டார்” என்பது அடுத்த வாதம். டார்வின் தம் பெருநூலை வெளியிட்டது 1859ஆம் ஆண்டு. ‘தக்கது வாழும்’ என்ற பொருள்தரும் ஆங்கிலத் தொடரை ஆக்கியவர் அவரல்லர். ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1864இல் எழுதிய தொடரை டார்வின் தம் நூலின் 1869ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்துக்கொண்டார். அத்தொடரிலும் உள்ள சொல் ‘வலியது’ அன்று, ‘தக்கது’. இடத்திற்குப் பொருந்துவது எதுவோ அது நிலைக்கும் என்பதே அதன் கருத்து. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் வரையாடு புலியைவிட வலியது அன்று. ஆயினும் விளிம்பு கடினமாகவும் நடுப்பகுதி மெத்தென்றும் அமைந்த குளம்புகளால், புலி கால்வைக்க அஞ்சும் செங்குத்துப் பாறையில் அது குட்டியோடு நிற்கிறது. அங்கே தக்கது வரையாடுதான்.

மேலும், உயிர்கள் போரிட்டே வாழ்கின்றன என்பதும் முழு உண்மை அன்று. சைபீரியாவின் கடுங்குளிர்ப் பகுதிகளில் சுற்றித் திரிந்து விலங்குகளின் வாழ்வைக் கண்ட ருஷ்ய அறிஞர் பீட்டர் குரோபோட்கின், உயிர்களிடையே நிலவும் கூட்டுறவைப் பற்றி 1902இல் ஒரு நூலே வெளியிட்டார். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளில் விலங்குகளின் குருதியையே உணவாகக் கொள்ளும் வௌவால் ஒன்று உண்டு. இரண்டு மூன்று இரவுகள் இரை கிடைக்காவிடில் அது மாண்டுபோகும். பட்டினியோடு திரும்பிய வௌவாலுக்கு, வயிறு நிறைந்த மற்றொரு வௌவால் தான் அருந்திய குருதியில் ஒரு பகுதியைக் கக்கி ஊட்டுகிறது. கோஸ்டா ரிக்காவில் இதனை ஆராய்ந்த ஜெரால்டு வில்கின்சன் 1984இல் தம் முடிவுகளை வெளியிட்டார்.

இச்செய்தியைப் படித்தவுடன், “பார்த்தீர்களா, இயற்கையே அறத்தைப் போதிக்கிறது!” என்று மகிழத் தோன்றும். அங்கும் சற்று நிதானம் வேண்டும். புலியை ஆசிரியனாக ஏற்க மறுத்த நாம் வௌவாலை மட்டும் ஆசிரியனாக ஏற்பது முறையாகாது. நமக்கு உகந்த விலங்கைக் காட்டி நாம் வாதிட்டால், தமக்கு உகந்த விலங்கைக் காட்டிப் பிறரும் வாதிடுவர், வழக்கு முடிவுறாது. விலங்குகள் எவ்வாறு வாழ்கின்றன என்பது ஒரு செய்தி. மனிதன் எவ்வாறு வாழ வேண்டும் என்பது வேறொரு வினா. முன்னதைக் கொண்டு பின்னதை முடிவு செய்ய இயலாது.

உண்ணாமையும் நோன்பும்

இந்த வேறுபாட்டை நம் சமயம் மிக நுட்பமாக உணர்ந்திருக்கிறது. வட அமெரிக்காவின் கருங்கரடி குளிர்காலத்தில் குகையில் ஒடுங்கி ஐந்து முதல் ஏழு மாதங்கள் வரை உண்பதில்லை, நீர் அருந்துவதில்லை, கழிவும் அகற்றுவதில்லை. உடலில் சேரும் யூரியாக் கழிவை அதன் உடலே மீண்டும் புரதமாக்கிக்கொள்கிறது. அந்நிலையிலேயே தாய்க்கரடி குட்டி ஈன்று பாலும் ஊட்டுகிறது. தசலக்ஷண பர்வத்தில் ஒருநாள் உபவாசத்திற்கே சோர்ந்துபோகும் நமக்கு இது பெருவியப்பு.

ஆனால், கரடியைத் தவசி என்று எவரேனும் கூறுவரா? முனிவர்கள் வெல்ல வேண்டிய பரீஷஹங்கள் இருபத்திரண்டு என்பர். அவற்றுள் பசி, தாகம், குளிர், வெப்பம் ஆகியவை முன்னிற்பவை. பசியையும் குளிரையும் கரடி தாங்குகிறது. தாகத்தையும் வெப்பத்தையும் ஒட்டகம் தாங்குகிறது. எனினும் அது பரீஷஹ ஜயம் ஆகாது. அறிந்து, விரும்பி, சமநிலையோடு ஏற்றலே வெற்றி. விருப்பமின்றித் துன்பம் தாங்குவதாலும் ஓரளவு கர்மம் உதிர்வதுண்டு. அதனை அகாம நிர்ஜரை என்று நம் ஆசாரியர்கள் தனியே பிரித்து வைத்தனர். தாங்குதல் உடலின் திறன். துறத்தல் உயிரின் திறன். உடல் திறனில் மனிதன் ஒட்டகத்திற்கும் கரடிக்கும் மிகப் பின்தங்கியவன். உயிர்த் திறனில்தான் அவனுக்கு மேன்மை உண்டு.

விரதத்தின் விலை

விலங்குகள் விரதம் ஏற்க இயலாதவை என்று நம் சமயம் கூறவில்லை என்பதையும் இங்குக் கருத வேண்டும். மனம் உடைய ஐம்பொறி விலங்குகள் நற்காட்சியும் ஓரளவு விரதமும் எய்தக்கூடும் என்பதே நம் கொள்கை. உத்தரபுராணம் கூறும் இரு வரலாறுகள் நம் இல்லங்களில் பலரும் அறிந்தவை. மகாவீரரின் உயிர் முற்பிறப்பொன்றில் சிங்கமாக இருந்தது. வான்வழி வந்த சாரண முனிவர்களின் உபதேசத்தைக் கேட்டு அச்சிங்கம் உள்ளம் உருகி விரதம் ஏற்றது. ஊனன்றி வேறு உணவில்லாத உடல் அது. ஆகவே உணவையே துறந்து அமைதியாக உயிர் நீத்தது. பார்சுவநாதரின் உயிர் முற்பிறப்பொன்றில் யானையாக இருந்தது. அரவிந்த முனிவரிடம் விரதம் ஏற்ற அந்த யானை, பசுந்தழையை முறிக்காமல் பிற யானைகள் முறித்துப்போட்டு உலர்ந்த தழையை உண்டது. அவை கலக்கிவிட்ட நீரையே பருகி உடல் மெலிந்து வாழ்ந்தது.

பூனையினத்தின் உடலமைப்பைப் பற்றி இன்றைய அறிவியல் கூறுவதை அறிந்தபின் இவ்வரலாறுகளை மீண்டும் எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். ஒரே விரதத்திற்கு ஒவ்வோர் உடலும் வெவ்வேறு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. கொல்லாமைக்குச் சிங்கம் கொடுத்த விலை உயிர். யானை கொடுத்த விலை உடலின் வலிமையும் சுகமும். மனிதன் கொடுக்க வேண்டிய விலை என்ன? நாவின் சுவையில் ஒரு சிறு பகுதி, அவ்வளவே.

ஏனெனில், மனித உடலின் தகவமைப்பு எந்த ஓர் உணவுக்கும் கட்டுப்படாமை. நம் பற்கள் அறுக்கவும் வல்லவை, அரைக்கவும் வல்லவை. நெருப்பும் பாத்திரமும் கண்டவன் மனிதன். குடலுக்கு வெளியே, அடுப்பில், பாதிச் செரிமானத்தை முடித்துவிடுகிறான். மயிர் அடர்ந்த தோல் இல்லாதவன் ஆடை நெய்தான். பனிநாட்டிலும் பாலையிலும் ஒரே உடலோடு வாழ்கிறான். உடல் வழிவகுக்காத இடத்தில் அறிவைக்கொண்டு வழிவகுத்துக்கொள்வதே மனிதனின் இயற்கை. ஆகவே தேர்ந்தெடுத்தல் என்பது இயற்கைக்கு மாறானது அன்று. மனிதனுக்கு அதுவே இயற்கை. புலியைப்போல் வாழ்வேன் என்று கூறுபவனும் ஒரு தேர்வைத்தான் செய்கிறான். செய்துவிட்டு, அதன் பொறுப்பைப் புலியின்மேல் சுமத்துகிறான்.

இதனால் எல்லா மனிதரையும் ஒரே கோலால் அளந்துவிடலாகாது. தானியமே விளையாத வடதுருவப் பனிநிலத்தில் கடல்நாயையும் மீனையும் உண்டு வாழ்ந்த இனுயிட் மக்களுக்கு இவ்விரதத்தின் விலை மிகப் பெரிது. அவர்களைத் தாழ்வாக எண்ண நமக்கு உரிமையில்லை. நெல்லும் கேழ்வரகும் துவரையும் மணிலாவும் விளையும் மண்ணில் வாழும் நமக்கோ விலை மிகக் குறைவு. குறைந்த விலையில் கிடைத்த விரதத்தைக் கொண்டு பெருமை பேசுவதும் அழகன்று. மீதம் இருக்கும் நம் ஆற்றலை எதற்குச் செலவிடுகிறோம் என்பதே நம்மை நோக்கி எழ வேண்டிய வினா.

இல்லறத்தாரின் பங்கு

இல்லறத்தாருக்கு நம் ஆசாரியர்கள் ஹிம்சையை நான்காக வகுத்துக் காட்டினர். கொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்வது சங்கல்பி. சமைத்தல், துப்புரவு செய்தல் முதலிய வீட்டு வேலைகளில் நேர்வது ஆரம்பி. உழவு முதலிய தொழில்களில் நேர்வது உத்யோகி. தற்காப்பில் நேர்வது விரோதி. முதலாவதை முற்றும் விலக்க வேண்டும். ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைக்க வேண்டும். புலால் மறுத்ததோடு நம் கடமை நிறைவுற்றதாக எண்ணிப் பின் மூன்றையும் நாம் மறந்துவிடுகிறோம்.

நம்மவர் பெரும்பாலும் உழவுத் தொழிலர். காட்டுப்பன்றி மணிலாக் கொல்லையைக் கிளறிவிடும் துன்பத்தை அறிந்தவர்களுக்கு அதன் வருத்தம் புரியும். விளைச்சலைக் காப்பது குற்றமன்று. ஆனால், மின்கம்பியிலிருந்து நேரடியாக மின்சாரம் பாய்ச்சிய வேலி காப்பதற்கு இட்ட வேலி அன்று. கொல்வதற்கு இட்ட பொறி. சட்டமும் அதைத் தடுக்கிறது. இருளில் வரும் மனிதரும் அதில் மடிகின்றனர். அங்கே விரோதி ஹிம்சை சங்கல்பியாக மாறிவிடுகிறது. அதிர்ச்சி தந்து விரட்டும் சூரியசக்தி வேலிக்குச் செலவு கூடுதல்தான். அக்கூடுதல் செலவே நம் விரதத்தின் விலை என்று கொள்ளலாகாதா? விமலநாதரின் பீடத்தில் பன்றியைக் கண்டு கைகூப்பும் நாம் கொல்லையிலும் அதனைச் சற்று நினைக்கலாம். வீட்டில் எலியை நாள்முழுதும் துடிக்கவைத்துக் கொல்லும் பசை அட்டையும் அத்தகையதே. மூடியிட்ட தகரப் பீப்பாயும், அடைக்கப்பட்ட சுவர்ப் பொந்தும் அதே பயனைக் கொலையின்றித் தரும்.

பாலைப் பற்றியும் ஒரு சொல். தாயின் பால் கன்றுக்கென்று அளந்து அமைந்தது என்று முன்னர்க் கண்டோம். கன்று குடித்த பின் எஞ்சியதைக் கறப்பதும், கறவை நின்ற பசுவையும் உழவுக்கு உதவும் காளைக் கன்றையும் வீட்டிலேயே வைத்துக் காப்பதும் முன்னோர் வழக்கம். டிராக்டர் வந்தபின் காளைக் கன்றுக்கு வேலையில்லை. வேலையற்ற கன்று எங்கே போகிறது என்பதை நாம் கேட்பதில்லை. கேட்டால் வரும் விடை நம்மைக் கலங்க வைக்கும். பாலை விட்டுவிட வேண்டும் என்பாரும் உளர். வேண்டுவதில்லை என்பாரும் உளர். எம்முடிவை எய்தினாலும், அந்தக் கன்றை எண்ணிப் பார்த்தபின் எய்துவதே அஹிம்சா அணுவிரதிக்கு முறை. மாடு வைத்திருப்போர் கன்றுக்குரிய பங்கை முதலில் விடலாம். வாங்குவோர் வீணாக்காமல் வேண்டிய அளவே வாங்கலாம். கைவிடப்பட்ட கால்நடைகளைக் காக்கும் கோசாலைகளுக்கு மாதந்தோறும் ஒரு தொகை ஒதுக்கலாம்.

காலம் கேட்கும் உயிர்கள்

இறுதியாக ஒன்று. தகவமைப்பு என்பது எண்ணற்ற தலைமுறைகளின் விளைவு. வரையாட்டின் குளம்பு பாறைக்குப் பொருந்த நெடுங்காலம் ஆயிற்று. ஆனால் 19ஆம் நூற்றாண்டு முதல் நீலகிரியின் புல்வெளிகளில் சீகையும் தைலமரமும் நடப்பட்டு, அதன் மேய்ச்சல் நிலம் சில தலைமுறைகளுக்குள் சுருங்கிவிட்டது. அத்தனை விரைவில் வரையாடு வேறோர் உடலைப் பெற இயலாது. அதனை எவரும் அம்பெய்து கொல்ல வேண்டுவதில்லை. வாழிடத்தை மாற்றினாலே போதும். கண்ணுக்குத் தெரியாத இந்த ஹிம்சையில் நம் காகிதத்திற்கும், நம் சாலைக்கும், நம் மின்சாரத்திற்கும் பங்கு உண்டு.

யானைகள் வழிவழியாக நடந்த தடங்களின் குறுக்கே இருப்புப்பாதைகள் செல்கின்றன. கோவை மாவட்டம் நவக்கரை அருகே 2021 நவம்பரில் ஒரே இரவில் 3 யானைகள் ரயிலில் அடிபட்டு மாண்டன. அதன்பின் 2024ஆம் ஆண்டு அதே மாவட்டத்து மதுக்கரைப் பகுதியில், யானை பாதையை நெருங்கும்போதே கண்டறிந்து ரயிலை எச்சரிக்கும் கருவிகள் அமைக்கப்பட்டன. நம் முனிவர்கள் நடக்குமுன் நிலத்தை நோக்கி, உயிர்களுக்கு ஊறு நேராமல் அடியெடுத்து வைப்பதை ஈர்யா சமிதி என்கிறோம். அந்தக் கருவிகளும் ஒரு வகையில் ஈர்யா சமிதியே. தனி மனிதன் கால்நடையாகச் சென்ற காலத்தில் தரையைப் பார்த்து நடந்தால் போதும். ஒரு நாடே ரயிலேறிச் செல்லும் காலத்தில் நாடே பார்த்து நடக்க வேண்டியிருக்கிறது. யத்னாசாரம் என்னும் கவனம் இன்று வீட்டளவில் நில்லாமல் ஊரளவிலும் நாட்டளவிலும் விரிய வேண்டும்.

இனி, பிள்ளைகள் கேட்ட வினாவுக்கு விடை கூறலாம். “ஆம் குழந்தாய், புலி கொல்கிறது. அதன் உடல் அதற்கு வேறு வழி விடவில்லை. உனக்கு உன் உடல் நூறு வழிகளைத் திறந்து விட்டிருக்கிறது. வழியில்லாத சிங்கமே உயிரை விலையாகத் தந்து விரதம் காத்தது என்கிறது நம் புராணம். வழியுள்ள நீ எதைத் தரப்போகிறாய்?” என்று நாம் திருப்பிக் கேட்கலாம். அவ்வாறு கேட்குமுன், நம் வயலையும் அடுக்களையையும் மாட்டுக்கொட்டிலையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வருவது நல்லது. ஏனெனில் நம் பிள்ளைகள் நாம் கூறுவதைக் காட்டிலும் நாம் செய்வதையே கூர்ந்து நோக்குகின்றனர்.

எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க! அருகன் அறம் ஓங்குக!